நாளைக்கு வரும்

புகையிலைக் கடையில் போய் சாக்பீஸ் கேட்டவள் நான். அவசரம் அப்படி. மாடியில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, பெட்டியில் இருந்த கடைசித் துண்டும் விரலில் மாவாகிவிட்டது. கல்மண்டபம் வரை ஓடி வாங்கி வருவதற்குள் மேலே ஒரு குருக்ஷேத்திரமே நடந்து முடிந்துவிடும். அதனால் கீழே இறங்கி, அபத்தம் என்று தெரிந்தே கேட்டேன்.

"பாய், சாக்பீஸ் இருக்குமா?"

வேறு யாராவது என்றால் என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அலமாரியை உண்மையிலேயே ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரும் டீச்சரம்மா" என்றார்.

கடைக்காரர்கள் வாயில் 'இல்லை' வராது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அந்தச் சொல்லைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. உப்பு தீர்ந்துபோயிருந்தால் நாளைக்கு வரும் என்பார்கள். நாமும் அதன் பொருள் புரிந்து அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவோம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை பள்ளியைத் திறக்க வந்தால், படிக்கட்டின் முதல் படியில் ஒரு சாக்பீஸ் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. மண்ணடிக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்.

இதுதான் அவருடைய வியாதி. மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வதை அவர் நிஜமாகவே சொல்லித் தொலைத்தார். வரும் என்று சொல்லிவிட்டால் எப்பாடுபட்டாவது வரவழைத்துவிட வேண்டும்.

அவர் கடையின் லட்சணமே இந்த வியாதியால் வந்ததுதான். ஊசி, நூல், டார்ச் பேட்டரி, பாவாடை நாடா, வலை பின்னுகிறவர்கள் கேட்ட நைலான் கயிறு, யாரோ எப்போதோ கேட்ட எலிப்பொறி. ஒருவர் ஒருமுறை கேட்ட பொருள் அங்கே குடியேறிவிடும். இத்தனைக்கும் பின்னால், கண்ணாடி ஜாடிகளிலும் தகர டின்களிலும் அவருடைய சொந்த வியாபாரம் இருந்தது. பைப்புக்கான புகையிலை. வாயோரம் கவ்விக்கொண்டு புகைவிடுவார்களே, அந்தப் பைப். துறைமுகத்துக்கு வரும் கப்பல் அதிகாரிகளுக்காக அவருடைய அப்பா, அவர் வார்த்தையில் அத்தா, தொடங்கிய கடை. பீடியும் சிகரெட்டும் அவர் விற்கவில்லை. அவற்றைக் கேட்டு வருகிறவர்களிடமும் இல்லை என்று சொல்லமாட்டார். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, கூடவே நடந்து போய், எதிர் டீக்கடையில் விட்டுவிட்டு வருவார்.

அவர் ஒருநாள்கூடப் புகைத்ததில்லை. ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதோடு சரி. முகர்ந்ததும் வெட்கப்பட்டவரைப் போல மூடிவிடுவார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகையிலைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. என் பெரியப்பா வாயைத் திறக்க முடியாமல், கஞ்சியைக் குழாயில் குடித்துச் செத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அது கூடாது என்று யாராவது சொன்னால், முதல் ஆளாகக் கை தூக்குவேன். பிறகு ஏன் இந்த மனிதரை என்னால் மறக்க முடியவில்லை என்றுதான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாடி எனக்குக் கிடைத்த கதையும் சாக்பீஸ் கதை மாதிரிதான். சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த இடம் தேடி ராயபுரத்தில் நான் ஏறி இறங்காத படி கிடையாது. பிள்ளைகள் கத்தும், சுவரில் கிறுக்கும், தண்ணீர் செலவாகும் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கடைசியாக இவரிடம் வந்தேன். கீழே கடை, மேலே அவருடைய சரக்குக் கிடங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்பார் என்று நினைத்தேன்.

"தாராளமா நட்த்துங்க டீச்சரம்மா. பசங்க சத்தம் நல்லதுதான்."

நான் நன்றி சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகுதான், மாடியில் இருக்கும் பெட்டிகளை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறார். அவை பின்கட்டில் இருந்த அவர் வீட்டுப் படுக்கையறைக்குப் போயின. அதற்குப் பிறகு அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் தும்முவார். கிண்டலா நிஜமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பூச்சுக்கு மேல் பூச்சாகச் சுண்ணாம்பு அடித்தும் அந்த வாசனை போகவில்லை. மழை நாளில் உலர்ந்த திராட்சையும் வெல்லமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் மாடியெங்கும் கிளம்பும். "இன்னா டீச்சர், பசங்களுக்குப் பாயசம் வெக்கிறீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை நிஜமாகவே பாயசம் வைக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருக்கிறவரின் குணம் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது.

அவருக்கு மிச்சமிருந்த வாடிக்கையாளர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் கேப்டன். கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை பதினோரு மணிக்கு, தேய்த்த சட்டையோடு வந்து, கடை முன்னால் கிடக்கும் ஸ்டூலில் உட்காருவார். மேலே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அங்கே பைப்பைப் பற்றவைக்கமாட்டார். காலிப் பைப்பைக் கையில் உருட்டிக்கொண்டே கப்பல் கதை பேசுவார். டாக்டர் அவருக்கு வாரத்துக்கு ஒரு பைப் என்று அளந்து கொடுத்திருந்தார். அந்த ஒன்றுக்காக வாரம் முழுவதும் காத்திருக்கிற மனிதர்.

"நம்ம சரக்கு வந்துட்டுதா பாய்?"

"நாளைக்கு வரும் கேப்டன் சார்."

அந்த நாளை வருவதுதான் வரவரக் கடினமாகிக்கொண்டே போனது.

முதலில் பலகை போனது. கடை முகப்பில் அவர் அத்தா காலத்தில் வரைந்த ஒரு பெரிய பைப், அதிலிருந்து சுருள்சுருளாகப் புகை. இது விளம்பரம், இருக்கக்கூடாது என்றார்கள் அதிகாரிகள். சரி என்று அவரே ஏணி போட்டு வெள்ளையடித்தார். பிறகு ஜாடிகள் கண்ணில் படக்கூடாது என்றார்கள். சரி என்று கல்லாவுக்கு அடியில் தள்ளினார். பிறகு, உதிரியாக எடை போட்டு விற்கக்கூடாது, அட்டையிலும் டின்னிலும் புற்றுநோய்ப் படம் இருந்தால்தான் விற்கலாம் என்றார்கள். அங்கேதான் சிக்கிக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து வரும் டின்களில் நம்மூர்ப் படம் எப்படி இருக்கும்? பெரிய இறக்குமதிக்காரர்கள் படத்தை அச்சடித்து ஒட்டி, நகரத்தின் தெற்கே இருக்கும் கண்ணாடி மாளிகைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். ராயபுரத்து பாய் கேட்கும் பத்துப் பதினைந்து டின்னுக்கு யார் மெனக்கெடுவார்கள்? போன் செய்தால் எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் மாடிக்கு வந்து, என்னிடம் பசை பாட்டிலும் கத்தரிக்கோலும் கேட்டார். ஏதோ உறை ஒட்டுகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். மத்தியானம் இறங்கிப் பார்த்தால், அவரைச் சுற்றிக் காலி சிகரெட் பெட்டிகள். கடற்கரைச் சாலையில் லாரிகள் நிற்கும் இடமெல்லாம் நடந்து பொறுக்கி வந்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் இருக்கும் புண் வந்த தொண்டை, அழுகிய வாய் எல்லாவற்றையும் ஓரம் பிசகாமல் வெட்டி, தன்னுடைய டின்களில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒன்று கோணலாகிவிட்டதென்று நனைத்துப் பிய்த்து மறுபடி ஒட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பெரியப்பா ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன பாய் இது?"

"படம் இருந்தாத்தான் விக்கலாம்னு சொல்லிகிறாங்கல்ல டீச்சரம்மா. படம்தானே? ஒட்டிட்டாப் போச்சு."

சோதனைக்கு வந்தவர்கள் டின்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதை ஒட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார். நல்லா ஒட்டிகிது, பிச்சுப் பாருங்க, வராது."

"கம்பெனி ஒட்டணும் பாய். நீங்க ஒட்டினா அது வேற கேஸ்."

டின்களை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்கள். மூட்டை கட்டக் கயிறு போதவில்லை. இவரே நைலான் கயிறு எடுத்துக் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கும் ஒரு எதிர்ப்பு, ஒரு முனகல்கூடக் கிடையாதா? பள்ளிவாசலில் ஹஜ்ரத், புகையிலை வியாபாரம் வேண்டாமே என்றால் சரி ஹஜ்ரத் என்பார். மகன் எம்.கே.பி. நகரிலிருந்து வந்து, "அத்தா, மூடிட்டு எங்கூட வந்துடுங்க" என்றால் சரிப்பா என்பார். மகன் தலை மறைந்ததும் கேப்டன் வந்து நிற்பார், அவரிடம் நாளைக்கு வரும் என்பார். மூன்று பேருக்கும் ஒரே வாயால் சம்மதம். ஒருவருக்குக் கொடுத்த வாக்கு அடுத்தவருக்குக் கொடுத்த வாக்கை அறுக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவரால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

பிறகு என் முறை வந்தது.

மாடியில் நடப்பவை எல்லாம் முறையாக அங்கீகாரம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்று எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளுக்கு உத்தரவு வந்தது. அதுவரை அரசாங்கத்தின் கணக்கில் நான் வெறும் டியூஷன் டீச்சர். மனுப் போட்டேன். கட்டட உரிமையாளரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பாய் தன் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. என் பேனாவை வாங்கி, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நல்லபடியா வரும், போங்க" என்றார்.

மனுவைப் பார்க்க வந்த கல்வி அலுவலகத்துப் பெண்மணிதான் அந்தச் செய்தியைச் சொன்னார். பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது. அந்த எல்லையில் பள்ளி நிர்வாகமே மஞ்சள் கோடு போட வேண்டும்.

"உங்களுக்குக் கீழேயே ஒரு கடை இருக்கே மேடம்?"

நான் படி இறங்கி வந்த விதம் எனக்கே ஞாபகமில்லை. பாய் கடைக்கு வெளியே ஒரு சிறுவனின் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, "எனுக்குத் தெரியும்மா" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அந்த டின்னு எடுத்துகினு போனாங்களே, அப்பவே சொன்னாங்க. பக்கத்துல ஸ்கூல் எதுனா கீதான்னு கேட்டாங்க. டியூஷன்தான் நடக்குதுன்னு சொன்னேன். ஸ்கூல் ஆயிடுச்சுன்னா கடை கூடாதுன்னாங்க."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"நீங்க வந்து கேக்கறீங்க. நான் இன்னா சொல்றது?"

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அவர் மறுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், வேறு இடம் தேடியிருப்பேன், திட்டிக்கொண்டாவது வாழ்ந்திருப்பேன். மறுக்காத மனிதரிடம் என்ன செய்ய முடியும்? மனுவைத் திரும்ப வாங்கினால் பள்ளியை மூட வேண்டும். மேலே வலைக்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், மீன் ஏலம் எடுக்கிறவர்களின் பிள்ளைகள். தாய்மார்கள் காலையில் வேலைக்குக் கிளம்பும் வழியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். மனுவை அப்படியே விட்டால் இவர் கடை போகும். ஒரே கட்டடத்தில் இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றோம்.

மஞ்சள் கோட்டுக்கு அளக்க நீளமான டேப் வேண்டியிருந்தது. எங்கே கிடைக்கும் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. ஆனாலும் மறுநாள் படிக்கட்டில் டேப் இருந்தது. அளந்த அன்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தன் கடை ஷட்டரோடு ஒட்டி நின்றவர் அவர்தான். நான் மறுமுனையை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். டேப் முடியும் இடத்தில் அடையாளம் போட்டு, அங்கிருந்து மறுபடி இழுத்தோம். டீக்கடையைத் தாண்டியபோது டீக்கடைக்காரர் வெளியே வந்தார்.

"யோவ் பாய், இன்னாயா பண்றே? உன் கடையத்தான் மூடப்போறே, என் வயித்துலயும் ஏன்யா அடிக்கிறே?"

"கோச்சுக்காத மாமு. டீச்சரம்மா கேட்டாங்க."

"அவங்க கேட்டா நீ டேப் புடிப்பியா? நீ இன்னா லூசா?"

பாய் டேப்பை விடவில்லை. காற்றில் ஆடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார். டீக்கடைக்காரர் அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை. சில மாதத்தில் அந்தக் கடையும் கைமாறி ஜூஸ் கடையாகிவிட்டது.

வேறு இடத்துக்குக் கடையை மாற்றலாம் என்று ஒரு யோசனை சொன்னேன். சரி என்று தேடப் போனார். நானும் ஒருநாள் கூடப் போனேன். அன்றுதான் எனக்கு ராயபுரத்தில் எத்தனை பள்ளிக்கூடம் என்று புரிந்தது. ஒரு மஞ்சள் கோட்டைத் தாண்டி அப்பாடா என்று நின்றால், இன்னொரு பள்ளியின் மஞ்சள் கோட்டுக்குள் நின்றுகொண்டிருப்போம். கோடு இல்லாத இடம் என்று பார்த்தால் ஒரு பக்கம் துறைமுகத்துச் சுவர், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் சாலை. அந்தச் சுவரோரம் நின்று பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "கடல்லதான் போட்ணும் கடைய" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான். சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் போகலாம்தான். கேப்டன் அவ்வளவு தூரம் எப்படி வருவார் என்று பாய் கவலைப்பட்டார். மொத்தம் நாலைந்து பேர் வாங்குகிற பொருளுக்குப் புதுக்கடை யார் போடுவார்கள் என்று மகன் கேட்டதும் நியாயம்தான்.

கடைசியில் நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புகையிலையை விட்டுவிடுவது. ஊசி, நூல், சாக்பீஸ், நைலான் கயிறு இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கடையை நடத்துவது. அவர் கீழே இருப்பார், நான் மேலே இருப்பேன். விதிக்கு விதியும் ஆயிற்று, யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை. சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஜாடிகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தார். மிச்சமிருந்ததைக் கேப்டனுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். கேப்டன் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய் இதய ஆபரேஷன் செய்துகொள்ள இருந்தார். "திரும்பி வந்ததும் பார்க்கிறேன் பாய், நம்ம டின் ஒண்ணு வரவழைச்சு வைங்க" என்றார். பாய் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இனி ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. சுகாதார அதிகாரி வந்து பார்த்து, இங்கே புகையிலை விற்பதில்லை என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். அவர் கேட்பார். இவர் இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதுபோல அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"பாய், புகையிலை இருக்கான்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"அது காலியாயிடுச்சும்மா."

"காலியாயிடுச்சுன்னா மறுபடி வாங்குவீங்கன்னு நினைப்பாங்க. இல்லைன்னு சொல்லுங்க."

வாயைத் திறந்தார். மூடினார். வெற்றிலை போடாத வாயை வெற்றிலை போட்டவரைப் போல மென்றார்.

"வரமாட்டுதும்மா. பொறந்ததுலேர்ந்து கடையில நின்னுகினுகிறேன். அந்த வார்த்தை மட்டும் வாய்ல வரமாட்டுது."

"அப்ப பேசவே வேண்டாம். தலையை மட்டும் இப்படி ஆட்டுங்க. போதும்."

ஆட்டிக் காட்டினார். நன்றாகவே ஆட்டினார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் கூடவே தலையை ஆட்டின. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தக் கட்டடத்தில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அதிகாரி காக்கிச் சட்டையில், ஜீப்பில், கையில் பையோடு வருவார் என்று நாங்கள் இருவருமே எதிர்பார்த்திருந்தோம். அவர் ஒரு பழைய ஸ்கூட்டரில், கோடு போட்ட சட்டையில் வந்தார். நான் மாடிப்படியில் ஒரு பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். பாய் முதுகைக் காட்டி நின்று, மேல்தட்டில் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் கல்லாவில் சாய்ந்துகொண்டு, ரொம்ப நாள் பழகியவரைப் போலக் கேட்டார்.

"பாய், பைப்புக்குப் போடற புகையிலை இருக்கா?"

பாய் திரும்பக்கூட இல்லை. நூல்கண்டிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

"நாளைக்கு வரும் சார்."

எனக்குச் செருப்பின் வார் கையோடு வந்துவிட்டது.

வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அது பழக்கதோஷம் சார், கடைக்காரங்க பேச்சு சார், தேடிப் பாருங்க ஒரு தூள்கூடக் கிடைக்காது என்று கெஞ்சினேன். தேடிப் பார்த்தார். எலிப்பொறிதான் கிடைத்தது. ஆனாலும் அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

"மேடம், ஏற்கெனவே இவர்மேல ஒரு கேஸ் இருக்கு. இப்ப என் காதுபட நாளைக்கு வரும்னு சொல்றார். நான் விக்கலைன்னு எழுதிக் கொடுத்து, நாளைக்கு நிஜமா வந்துட்டா?"

வந்தாலும் வந்துவிடும் என்று எனக்கே தெரியும். கேப்டனுக்கான டின்னை எங்கேயாவது எப்படியாவது வரவழைத்துவிடக்கூடிய மனிதர்தானே அவர்? அதிகாரி பாய் பக்கம் திரும்பினார்.

"பாய், சுத்தி வளைக்காம சொல்றேன். இந்த ஷட்டர் மூடியிருந்தா பள்ளிக்கு நான் எழுதிக் கொடுத்துடறேன். திறந்திருந்தா முடியாது. என்ன சொல்றீங்க?"

நான் பாயைப் பார்த்தேன். எனக்காகவே ஒருமுறை, ஒரே ஒருமுறை முடியாது என்று சொல்லிவிடமாட்டாரா என்று நிஜமாகவே ஏங்கினேன். என் அத்தாவின் கடை, நான் முதலில் வந்தவன், அந்தப் பொம்பளையை வேறு இடம் பார்க்கச் சொல் என்று கத்தட்டுமே. நான் அழுதுகொண்டே போய்விடுவேன். ஆனால் அவர் மேல்தட்டில் மிச்சமிருந்த நூல்கண்டை அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்.

"சரி சார்."

ஷட்டர் சத்தம் மாடித் தரையில் அதிர்ந்தது. ஒரு பிள்ளை பயந்து அழுதது.

அங்கீகாரம் வந்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கீழே மூடிய ஷட்டரில், புகையிலை இல்லாப் பள்ளி என்று நானே எழுதி வைத்த பலகை தொங்குகிறது. வைக்க வேண்டும் என்பது விதி. வேறு சுவரில் வைத்திருக்கலாம்தான், தெருவிலிருந்து தெரியும் சுவர் அது ஒன்றுதான்.

பாயையும் அவர் மனைவியையும் மகன் எம்.கே.பி. நகருக்கு அழைத்துப் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. கம்பி போட்ட பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு பால்கனி, அதில் துணிகள். கேட்க வருகிறவர் யாரும் இல்லாத இடத்தில் அந்த மனிதரை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். பாதியாகிவிட்டிருந்தார்.

"பசங்கல்லாம் நல்லா கீதுங்களா டீச்சரம்மா? சாக்பீஸ்லாம் கீதா?"

இருக்கிறது என்றேன். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். என்னைப் பார்த்துத் தும்மவில்லை. அதுவும் எனக்கு என்னவோ போலிருந்தது.

கிளம்பும்போது பாய் என்னைக் கூப்பிட்டார்.

"கேப்டன் சார் ஊர்லேர்ந்து வந்தா கடைக்குத்தான் வருவாரு. அவராண்ட வரும்னு சொல்லிக்கிறேன். எங்கெங்கயோ போன் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆவல. அவுரு வந்தா நீங்க கொஞ்சம் சொல்லிடணும்."

"என்னன்னு சொல்லணும் பாய்?"

வாயைத் திறந்தார். எனக்கு ஒத்திகை நாள் ஞாபகம் வந்தது. இன்னொருவர் சொல்வதற்காகக்கூட அந்தச் சொல்லை அவரால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. எதிர் பால்கனித் துணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைத் தொட்டு, "நான் சொல்லிடறேன் பாய். எனக்கு அந்த வார்த்தை வரும்" என்றேன். அப்படியொரு நிம்மதி அவர் முகத்தில்.

அந்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். காய்ச்சல் என்றார்கள். மகன் போனில் சொன்னபோது நான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அன்று மழையில் சுவரெல்லாம் அந்தத் திராட்சை வாசம் கிளம்பியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டு முடித்தேன். அழுதது வீட்டுக்குப் போய்த்தான்.

மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் யாரோ படி ஏறும் சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கேப்டன். தேய்த்த சட்டை அப்படியே இருந்தது, உள்ளே இருந்த உடம்பு மட்டும் பாதி இல்லை. நாலு படி ஏறிவிட்டு மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சட்டைப் பையில் காலிப் பைப் துருத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், நேத்துத்தான் ஊர்லேருந்து வந்தேன். நாளைக்கு வரைக்கும் பொறுக்க முடியல, இன்னிக்கே வந்துட்டேன். கடை மூடிக் கிடக்கே, பாய் இல்லையா?"

அந்தச் சொல்லை நான் தயாராகத்தான் வைத்திருந்தேன். பல மாதமாக வைத்திருந்தேன். பாய்க்கே சொல்லிக்கொடுத்தவள் நான். தலையை ஆட்டினால்கூடப் போதும். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு வருவார் சார்" என்றேன்.

"அப்படியா, சரி. நாளைக்கு வரேன்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். வகுப்புக்குத் திரும்பினேன்.

அங்கீகாரம் வந்த பிறகு சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை. ஆனாலும் வந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. பதினோரு மணிக்கு மாடி ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தேன். கேப்டன் மஞ்சள் கோட்டைத் தாண்டி, மெதுவாக வந்துகொண்டிருந்தார்.